டம்மி வரிகள்

மெட்டு மனைவியுடையது, வரிகள் கணவர் பொறுப்பு. ஒலிப்பதிவு, ஒலிக்கலவை எல்லாம் அவள் தம்பி. படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து, அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தினால் அவனுக்கு ஸ்டுடியோ தயார். டிரம்ஸும் கிட்டாரும் அதிரும் ஒரே ஒரு பாப் ராக் பாட்டு. இணையத்தில் வெளியிடுவதாகத் திட்டம்.

கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கல்லூரி நாளிலிருந்து கவிதை எழுதுகிறார், ஒன்றும் வெளிவந்ததில்லை. ‘வரிகள்’ என்ற சொல்லுக்கு எதிரே தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆகவே அவசரப்படவில்லை. ‘நீலத்தின் நிழலே’ என்பதா, ‘நிழலின் நீலமே’ என்பதா என்று ஒரு மாதம் இழுத்தது.

அதுவரை மெட்டைத் தாங்க ஏதாவது சொற்கள் வேண்டுமே. டம்மி வரிகள் என்பார்கள். மனைவி வாய்க்கு வந்ததைப் பாடிவைத்தாள்:

“ஈரத் துண்டு ஈரத் துண்டு
மெத்த மேல யாரு துண்டு?
காலையில சொன்னேன் மாலையில சொன்னேன்
காதுல என்ன பஞ்சு மூட்ட?”

தம்பி அதை வைத்தே டிரம்ஸை ஏற்றினான், கிட்டாரை இறக்கினான். கணவரின் வரிகள் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தன. அவற்றையும் அவள் கவனமாகப் பாடிக் கொடுத்தாள்.

பாட்டு வெளியான காலையில் மூவரும் சமையலறை மேசையில் காலை உணவோடு ஃபோனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திரையில் ‘வரிகள்’ என்பதற்கு எதிரே கணவரின் பெயர். கிட்டார் முழங்கியது. அடுத்து, ஈரத் துண்டு.

“டேய்!” என்றாள் அக்கா.

“என்னக்கா, பேஸ் கம்மியா?”

“வார்த்தையக் கேளுடா, எரும!”

“வார்த்தையெல்லாம் யாரு கேக்குறா? எனக்குக் குரலும் ஒரு கிட்டார் மாதிரிதான். ரெண்டு பதிவுல நல்லா இருந்தத ஏத்தினேன்.”

கணவருக்கு முகம் தொங்கிவிட்டது. “அப்போ அது நல்லா இருந்துச்சா?”

“சவுண்டச் சொன்னேன், அத்தான்.”

அதற்குள் ஃபோன் அடித்தது. அலுவலக மேலாளர். “சார், எங்க வீட்டம்மா விடாமப் போட்டுக் கேக்குறா. என்னையப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறா. உங்களுக்குள்ள இப்படி ஒரு கவிஞரா!”

அடுத்து கணவரின் தங்கை. “உன்னையே கிண்டல் பண்ணி எழுத ஒரு மனசு வேணும்ண்ணா!”

மனைவி அவரைப் பார்த்தாள். “இத எடுத்துட்டு உங்க வரிய ஏத்தச் சொல்லட்டுமாங்க?”

அவர் தன் வரிகள் உள்ள பதிவை ஹெட்ஃபோனில் கேட்டார். பாதியில் கழற்றி மேசையில் வைத்தார்.

“வேணாம். எழுதின எனக்கே கொட்டாவி வருது. பாட்டு இருக்கட்டும். பேர மட்டும் மாத்து, உங்கக்கா பேரப் போடு.”

“யோசிச்சுக்குங்க அத்தான். அக்கா எழுதினதுன்னா, துண்டு யாரோடதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்.”

“தெரியட்டும். என்னுதுதானே.”

மனைவி அவர் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

தம்பி தன் ஃபோனில் எதையோ தட்டினான். “சைட்டுல சொல்லியாச்சு. ஆனா பேரு மாறி வர ரெண்டு நாள் ஆகுமாம்.”

“ரெண்டு நாளா?” கணவரின் முதுகு நிமிர்ந்தது. மறுபடி ஃபோன் அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

“சொல்லுங்க சித்தப்பா... ஆமா, ஆமா. எல்லாம் அனுபவிச்சு எழுதினதுதான்.”