புரட்டி வைத்த படம்

விட்மோர் துரை கட்டின கட்டடத்துக்குள் போனால் விசிறி தேவைப்படாது என்று அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் சொல்வார்கள். பொய்யில்லை, கண்ணுகளா. ஒரு மனை கிடைத்ததும் அவர் முதலில் பென்சிலைத் தொடமாட்டார். உச்சிவெயிலில் ஒரு கம்பை நட்டு வைத்து, நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூன்று நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கட்டி முடித்த பிறகு பகல் மூன்று மணிக்குச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையில் நடந்து பார்ப்பார். அவரைப் பார்த்து ஈப்போவிலும் பினாங்கிலும் மற்ற துரைமார்கள் வராந்தாவை அகலமாகப் போட ஆரம்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்டவருடைய ஆபீசில் சபாபதி பன்னிரண்டு வருஷமாகப் படம் எடுக்கிற கிராணி, அதாவது குமாஸ்தா. துரை பென்சிலால் போட்ட படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, கறுப்பு மையால் கோடு பிசகாமல் இழுப்பார். பிறகு அந்தத் துணியைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, அடியில் மருந்து பூசிய தாளைச் சேர்த்து வெயிலில் காட்டினால் நீலப்படம் விழும். அதை அலசிக் காயப்போட்டு, கட்டடம் நடக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி அவருக்குப் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு அறை வீடு கொடுத்திருந்தது. வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் கிள்ளானில் ஒரு பிரசவ விடுதி எழும்பியது. தோட்டத்துப் பெண்களுக்காக. துரைக்கு அதன்மேல் தனி அக்கறை. பிள்ளை பெற்றவர்கள் படுக்கிற வார்டு கிழக்கே, அடுப்படியும் சாமான் அறைகளும் மேற்கே. சாயங்கால வெயிலை அரிசி மூட்டை தாங்கிக்கொள்ளட்டும், பச்சை உடம்புக்காரி எதற்குத் தாங்கணும் என்பது அவர் கணக்கு.

வேலை தொடங்கிய சமயம் துரை காய்ச்சலில் விழுந்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை எழுந்து போய்ப் பார்த்தால், சுவர் ஜன்னல் மட்டம் வந்துவிட்டது. வார்டு மேற்கே நிற்கிறது. அடுப்படி கிழக்கே நிற்கிறது. மனுஷர் கொதித்துப்போனார். "இதைக் கட்டின மேஸ்திரி இங்கே இருக்கக்கூடாது" என்று கட்டட வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரனிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். எந்தப் படத்தைப் பார்த்துக் கட்டினீர்கள் என்று கேட்கவில்லை.

மேஸ்திரி நாகையா. அவருக்குக் கீழே நாற்பது பேர், ஆணும் பெண்ணும். புதன்கிழமை மத்தியான ரயிலுக்குள் எல்லோரும் கூலிகள் தங்குகிற கொங்சியைக் காலி பண்ண வேண்டும் என்று உத்தரவு. விட்மோர் துரை வேண்டாமென்ற மேஸ்திரியைச் சிலாங்கூரில் இன்னொருத்தர் சேர்க்கமாட்டார். அது எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, அங்கே இருக்கிற படத்தை வாங்கி வரச்சொல்லிச் சபாபதியை அனுப்பினார்கள். கொங்சி வாசலில் நாகையா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் பவுனம்மா, சுண்ணாம்பு கலக்கிற பெண்களுக்குத் தலைவி, பானை சட்டிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க கிராணி" என்று சுருளை நீட்டினார் நாகையா. "இந்தப் படத்துல இருக்கிறபடிதான் கட்டினேன். கவராயம் வச்சு ஒவ்வொரு கோடா அளந்தேன். எங்கே தப்புன்னு எனக்கு இன்னும் பிடிபடலை."

சபாபதி சுருளைப் பிரித்தார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல வலமிடம் மாறிக் கிடந்தது. வடக்கு காட்டுகிற அம்பு மட்டும் நேர் மேலே பார்த்தபடி இருந்தது. நேராக நிற்கிற அம்பு புரட்டினாலும் அப்படியேதானே இருக்கும். கிழக்கும் மேற்கும்தான் இடம் மாறியிருந்தன.

"எழுத்து... எண்ணெல்லாம்... உங்களுக்கு ஒரு மாதிரியாத் தெரியலையா மேஸ்திரி?"

"துரைமார் எழுத்து எனக்கு என்னைக்கு நேராத் தெரிஞ்சிருக்கு?" என்றார் நாகையா. "எண்ணை நான் நம்புறதும் இல்லை. கோலக்குபுவுல ஒரு தடவை எண் தப்பு, கோடு சரி. அன்னையிலேருந்து கோட்டை மட்டும்தான் பாப்பேன்."

சபாபதிக்கு நீலப்படம் போட்ட அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. விட்டு விட்டு மழை. மூன்று படம் எடுத்தாயிற்று, நாலாவது கிள்ளானுக்கு. நாலு சொட்டுத் தூறல் துணியில் விழுந்தது. ஈரம் பட்டால் துணி வெளுத்துவிடும் என்று அவசரமாக எடுத்து ஒற்றி, மறுபடி சட்டத்தில் வைத்தார். அப்போதுதான் துணியை முன்பின்னாகப் புரட்டி வைத்திருக்கிறார். ரயிலுக்கு நேரமாகிறது என்று பாதி காய்ந்ததைச் சுருட்டி அனுப்பியும் விட்டார்.

ஒன்றும் சொல்லாமல் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. அதுவும் அவர் கையில்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி லெட்சுமியிடம் சொன்னார். அவள் அடுப்பில் ரசம் கொதிக்க வைத்திருந்தாள். சுருளை வாங்கிப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அடுப்பு எரியுது. உள்ளே தள்ளினா முடிஞ்சுது. சைட்டுல மழையில நைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க."

"ம்."

"ம்னா? வீட்டை விட்டா எங்கே போறது? உங்க அக்கா வீட்டுல நான் போய் நிக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சபாபதி சட்டையைக் கழற்றக்கூட இல்லை. ரசத்தைக் கிளறிக்கொண்டே அவளே கேட்டாள்.

"அந்த மேஸ்திரிக்குச் சம்சாரம் இருக்கா?"

"பவுனம்மான்னு பேரு. சட்டியெல்லாம் கட்டிக்கிட்டு இருந்தா."

லெட்சுமி கரண்டியை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பேரு வரைக்கும் கேட்டு வச்சிருக்கீங்க. இனி நீங்க எங்கே எரிக்கப் போறீங்க! தூக்கி மேலே வைங்க, ரசம் தெறிக்கும்."

மறுநாள் காலையில் துரை வருகிற நேரத்துக்குச் சபாபதி படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். துரை தொப்பியைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார்.

பிறகு ஆங்கிலத்தில் கேட்டார், "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் என் மனைவிக்கும், சார்."

"நேற்றே கிழித்துப் போட்டிருக்கலாமே?"

"கிழிச்சிருக்கலாம், சார்."

துரை உட்கார்ந்தார். ஒரு தாளை இழுத்துப் பென்சிலால் போட ஆரம்பித்தார். கிழக்கே இருக்கிற சாமான் அறைகளின் குறுக்குச் சுவர்களை எடுத்துவிட்டால் அங்கேயே வார்டு வரும். மேற்கே கட்டின பெரிய கூடம் சாமானுக்கு, அதன் வெளிப்பக்கம் இன்னொரு வராந்தா. அரைமணி நேரத்தில் போட்டுவிட்டார். அப்புறம் குத்தகைக்காரனுக்கு ஒரு கடிதம். படம் தப்பு, மேஸ்திரி மேல் பிழையில்லை, தான் விசாரிக்காமல் சொன்னது தவறு என்று தன் கையாலேயே எழுதினார்.

கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: சபாபதி இனிமேல் இந்த ஆபீசில் துணியைத் தொடக்கூடாது. மேசையும் வீடும் மாதக் கடைசியில் வேறொருவருக்கு. கிள்ளானில் கட்டடம் முடிகிற வரைக்கும் சாமான் கணக்குப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம். "இப்போது போ. அவர்கள் ரயில் ஏறுவதற்குள் பிடி."

கோபம் இருந்ததா என்றால் இருந்தது, கண்ணுகளா. ஆனால் குரல் உயரவில்லை.

சபாபதி கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியபோது நாற்பது பேரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். நாகையா எழுந்திருக்கவில்லை.

"என்ன கிராணி, வழியனுப்பவா? மாலையைக் காணோமே!"

சபாபதி நின்றபடியே சொன்னார். துணியில் தூறல் விழுந்தது, புரட்டி வைத்தது, ரயிலுக்கு அவசரப்பட்டது, நேற்றே தெரிந்தும் வாயைத் திறக்காமல் போனது. நாற்பது பேரும் கேட்டார்கள். கடிதத்தை நீட்டினார். நாகையா அதைத் தொடவில்லை.

"ரெண்டு நாளா இவங்க யாரும் என் முகத்தைப் பாக்கலைய்யா" என்றார். "முப்பது வருஷம் சுவர் எழுப்பினவனுக்குக் கிழக்கு எதுன்னு மறந்துபோச்சான்னு விடியக்காலம் வெளியே வந்து சூரியனைப் பாத்துக்கிட்டு நின்னேன். புத்தி பிசகிப்போச்சுன்னே நினைச்சேன்."

தூரத்தில் ரயில் ஊதியது. பெண்கள் இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

பவுனம்மாதான் கேட்டாள். "உங்களை என்ன பண்ணினாங்க?"

"மேசை போச்சு. வீடும் போச்சு. உங்க சைட்டுல சாமான் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"கொங்சியிலயா குடியிருக்கப் போறீங்க? மழைக்கு ஒழுகும் லா."

யாரோ சிரித்தார்கள். நாகையா சிரிக்கவில்லை. ரயில் வந்து நின்றது, கதவுகள் திறந்தன. அவர் மெதுவாக எழுந்து, பெட்டியில் கால் வைத்துவிட்ட ஒருத்தனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"இறங்குடா! யார் உன்னை ஏறச்சொன்னது?"

அப்புறம் சபாபதி பக்கம் திரும்பினார். கடிதத்தை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு, கயிற்றில் கோத்திருந்த சட்டிகளைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"சும்மா நின்னா ஆச்சா? தூக்குங்க கிராணி."

சபாபதி தூக்கினார். சட்டிக்கரி அவர் வெள்ளைச் சட்டையில் நீளமாகக் கோடு இழுத்தது. இரண்டு நாளாகக் கலக்காத சுண்ணாம்பு இறுகிப்போயிருக்குமே என்று பவுனம்மா முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.