மழைக்காலப் பெரட்டு

தங்கை சுலக்ஷனாவின் கல்யாணச் சேலை எடுக்க நுவரெலியாவுக்குப் போக வேண்டும். வர முடியாது என்று இந்த ஞாயிறும் சொன்னேன்.

"ஏங்க்கா?"

"என்ன நம்பி எத்தன பேரு இருக்காங்க தெரியுமா?"

"இந்த வீட்லயா?"

வீட்டில் இல்லை, இணையத்தில். அதிகம் பேர் அறியாத ஒரு கணினி மொழி. அதில் எழுதியதை ஓடவைக்கும் கம்பைலரையும் மற்றக் கருவிகளையும் ஒன்றாகக் கட்டி, கண்டெய்னர் இமேஜ் என்ற ஒரே பொதியாகப் போட்டு வைத்திருக்கிறேன். எவரும் இறக்கிக்கொண்டு உடனே வேலை தொடங்கலாம். எனக்குக் கிடைப்பதெல்லாம், எத்தனை தடவை இறக்கினார்கள் என்று காட்டும் ஓர் எண். முகம் கழுவுமுன் அதைத்தான் பார்ப்பேன். "பெரட்டு எடுக்குறா," என்பாள் அம்மா. விடியலில் தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா, கொழுந்தெடுக்கும் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு அவளுக்குப் பழக்கம்.

வெயில் காலத்தில் அந்த எண் சோர்ந்து கிடக்கும். மழை தொடங்கியதும் ஏறும். வெளிநாட்டில் கோடை விடுமுறை, பொழுதுபோகாமல் இறக்குகிறார்கள் என்று நானே காரணம் கண்டுபிடித்து, நானே நம்பினேன். மனிதர்களைச் சுலபத்தில் நம்பாதவள், எண் என்றால் உருகிவிடுகிறேன்.

அந்தக் கிழமையே புயலில் சிக்னல் கோபுரம் சரிந்தது. இரண்டு நாள் எங்கள் தோட்டத்தில் இணையமே இல்லை. நானில்லாமல் உலகம் என்ன செய்கிறதோ என்று சோறு இறங்கவில்லை. சிக்னல் வந்ததும் பார்த்தேன். அந்த நாட்களில் இறக்கியவர் ஒரே ஒருவர்.

மெல்லத்தான் உறைத்தது. இமேஜ் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்க என் கணினியில் ஒரு சோதனை ஓட விட்டிருந்தேன். பாதியில் அறுந்தால் முதலிலிருந்து மறுபடி இறக்கும். மழை பெய்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் அறும். அறுந்த ஒவ்வொரு தடவையும் எண் ஒன்று கூடும். இத்தனை காலமும் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் நான், "இருக்கேங்க" என்றதும் நான்.

"சேலைக்குப் போவமா?" என்றேன்.

சுலக்ஷனா எட்டி வானத்தைப் பார்த்தாள். "மழ வரப்போகுது போல."

கடையில் சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கையில் போன் அதிர்ந்தது. முன்பின் தெரியாத யாரோ. 'உங்கள் புதிய பதிப்பில் லிங்கரைக் காணவில்லை. நேற்றிலிருந்து என் வேலை நிற்கிறது.' பொதி கனக்கிறது என்று தேயிலைச் செடிக்குப் போல நான் கவ்வாத்து வெட்டியதில், நிரல் துண்டுகளை ஒட்டித் தரும் லிங்கரும் சேர்ந்து போயிருக்கிறது.

"யாருக்கா? இப்பிடிச் சிரிக்கிற?"

"என்னால ஒருத்தருக்கு வேல கெட்டுப்போச்சு."

"அதுக்கா?"

"நெசமாவே ஒருத்தர் இருக்காரு, சுலக்ஷனா."

அவள் சேலையை மடியில் வைத்தாள். "அப்ப கெளம்பப் போறியா, கண்டாக்கம்மா?"

எழுந்துதான் விட்டேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன்: 'மன்னியுங்கள், தவறு என்னுடையது. இப்போதைக்குப் பழைய பதிப்பைப் பாவியுங்கள். இன்று தங்கைக்குக் கல்யாணச் சேலை எடுக்கிறோம். வீட்டுக்குப் போனதும் சரிசெய்கிறேன்.'

உடனே பதில் வந்தது: 'என்ன நிறம்?'

சுலக்ஷனாவிடம் காட்டினேன்.

"இன்னும் முடிவாகலன்னு போடு," என்று அடுத்த சேலையைப் பிரித்தாள். "அவர கொஞ்சம் இருக்கச் சொல்லு."