மீன் புதைத்த மேடுகள்

சித்தி மகள் மீஷனா வந்த நாளிலிருந்தே நிப்பவாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கடல் தாண்டிக் கப்பலில் வந்த வெள்ளைத்தோல் கோட்டுக்காரர்களோடு வந்த காய்ச்சல் சித்தியைக் கொண்டுபோயிற்று. பாவம்தான், யார் இல்லை என்றார்கள்? அதற்காக அம்மா பக்கத்துப் படுக்கையையும், அம்மா நீர்நாய்த் தோல் கொடுத்து வாங்கிய நீலமணியையும் அவளுக்கே தூக்கிக் கொடுத்துவிட வேண்டுமா? நிப்பவா இப்போது தம்பிகளின் கால்மாட்டில் படுக்கிறாள். இரவெல்லாம் உதை.

விதைப்பு வந்தது. ஆற்றில் ஏறிவந்த மீனைக் கூடை கூடையாக அள்ளி, மண்மேடு ஒவ்வொன்றிலும் உரமாகப் புதைத்து, மேலே சோளம் ஊன்றினார்கள். மீஷனா ஊன்றிய மேடுகளை அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என் தங்கமே, அப்படியே உங்கம்மா கைடி இது!"

"நானுந்தாம்மா போட்டேன்," என்றாள் நிப்பவா.

"நீ வருஷா வருஷம் போடுறதுதானே."

அவ்வளவுதான் அவளுக்கு மரியாதை.

சோளம் வேர்விடும்வரை நாய்களைச் சும்மா விட முடியாது, மீனைத் தோண்டித் தின்றுவிடும். அதனால் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக் கழுத்தோடு கட்டிவிடுவது வழக்கம். அவர்கள் வீட்டு நாய்க்கு அன்று கட்டியவள் மீஷனா. மறுநாள் விடியற்காலையில் நிப்பவா அந்தக் கட்டை அவிழ்த்தாள். நாயை மீஷனாவின் மேடுகளுக்கே கூட்டிப்போய் விட்டாள். பிறகு வந்து, ஒன்றும் அறியாதவளைப் போலப் படுத்துக்கொண்டாள். அந்த ஊரில் பிள்ளைகளை யாரும் அடிப்பதில்லை. ஆனால் மீஷனாவைப் பார்த்து அம்மாவின் முகம் சுண்டுமே, அதைப் பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வெயில் ஏறியபோது அம்மா வயலில் நின்றாள். மேடெல்லாம் குழி, குழியெல்லாம் செதில். மீஷனா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நாந்தான் பெரியம்மா சரியாக் கட்டல. என்னைத் திருப்பி அனுப்பிடாதீங்க!"

"அடி பைத்தியமே, யாரு உன்னை அனுப்பப் போறா? ஆத்துல மீனுக்கா பஞ்சம்?"

அம்மா அவளை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கன்னத்தைத் துடைத்தாள், நெற்றியில் முத்தமும் கொடுத்தாள்.

நிப்பவாவுக்குத் தாங்கவில்லை. குற்றம் செய்தது இவள், முத்தம் அவளுக்கா? அதையும் அவளே கொண்டுபோய்விட்டாளா?

"அவ ஒண்ணும் செய்யல! நாந்தான் அவுத்தேன், நான்!"

அம்மா திரும்பினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தாள்.

"எதுக்குடி?"

"அவளுக்கு மட்டுமா அம்மா இல்ல?"

அம்மா மீஷனாவை இறக்கிவிடாமலே மற்றக் கையை நீட்டினாள். நிப்பவா போகவில்லை. இரண்டு கையும் வேண்டும் என்று அழுதுகொண்டே நின்றாள்.