முதல் கட்டத்தில் இருந்த பெயர்

தீட்டுகல் சுழன்றுகொண்டிருந்தது. ஸ்டெபனி ஸ்கேற்றின் பிளேற்றை அதன்மேல் பொருத்தி, நுனியிலிருந்து குதிவரை ஒரே இழுப்பில் இழுத்தாள். பொறி பறந்து அவளுடைய பழைய கையுறையில் விழுந்து அணைந்தது. மூன்று இழுப்புக்குப் பிறகு ஸ்கேற்றைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேற்றின் இரண்டு விளிம்புக்கும் குறுக்கே ஐந்து சத நாணயக் குற்றி ஒன்றை வைத்துப் பார்த்தாள். குற்றி ஒரு பக்கம் சரிந்தால் விளிம்பு சமமில்லை; அதைப் போட்டுக்கொண்டு திரும்புகிற பிள்ளை முகம் குப்புற விழும். சரியவில்லை. அடுத்த சோடியை எடுத்தாள்.

இருபத்திரண்டு சோடி. காலை ஆறரைக்குப் பயிற்சி. வெளியே ஓகஸ்ட் புழுக்கம், உள்ளே விரல் விறைக்கிற குளிர். கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியில் அவளுக்குப் பெயர் உதவிப் பயிற்சியாளர். ஸ்கேற் தீட்டுவது, ஜேர்சி தோய்ப்பது, பஸ் பிடிப்பது எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். போன இரண்டு சீசனும் அணியை நடத்தியதும் அவள்தான். தலைமைப் பயிற்சியாளர் றோய்க்குப் புற்றுநோய் வந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து, இந்தப் பெப்ரவரியில் செத்துப்போனார்.

ஐஸைச் செதுக்கிச் சமன் செய்கிற மெஷினை ஓட்டுகிற சீமோன் தேத்தண்ணிக் கப்போடு வந்து கதவில் சாய்ந்தார். இந்த ஐஸ் றிங்கில் அவளோடு தமிழ் கதைக்க இருந்த ஒரே ஆள்.

"இண்டைக்குத்தானே சொல்லுவினம்?"

"ஓம் அண்ணை. பத்து மணிக்கு."

"உனக்குத் தராமல் வேற ஆருக்குத் தரப்போகினம்? ரெண்டு வருசமா நான் கண்ணால பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறன். அந்த மனுசன் வந்து நிண்டது எத்தினை தரம்? நாலு. விரல் விட்டுச் சொல்லுவன்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. என்னை இதுக்குள்ள எடுத்துவிட்டதே அவர்தான்."

"நான் அவரைக் குறை சொல்லேல்ல பிள்ளை. உன்னைத்தான் சொல்லுறன். வாயில்லாத பிள்ளை மாதிரி."

அவள் சிரித்தாள். இந்த அணிக்கு வந்த எட்டு வருசத்தில் இன்றைக்குத்தான் கேட்காமலே கிடைக்கப்போகிறது என்று நினைத்தாள்.

ஒவ்வொரு மட்சுக்கும் முன்னால் நேரம் பார்க்கிறவருடைய ரப்லெற்றில் அணியினரின் பெயர்களைச் சரிபார்த்துக் கொடுக்கவேண்டும். போன மட்சில் இருந்த பெயர்கள் தாமாகவே வந்து நிற்கும். முதல் கட்டம் தலைமைப் பயிற்சியாளர். றோய் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு முதல் மட்ச் விட்பி நகரத்தில். அதற்கு முதல்நாள் அவள் தகப்பனிடம் கேட்டாள், பெயரை மாற்றவேண்டுமாம், என்ன செய்யட்டும் என்று. மரியரட்ணம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆள் உயிரோட கிடக்கேக்க அவற்ற பேரை வெட்டுறதே? சீ! கதிரை வெறுமையா இருந்தாலும் அது அவற்ற கதிரை. நீ உன்ர வேலையைச் செய். பாக்கிறவைக்குக் கண் இருக்குத்தானே?"

அவளுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பெயரைத் தொடவில்லை. அன்றிரவு றோயிடமிருந்து தகவல் வந்தது. கட்டிலில் கிடந்து போனில் மட்சையும் அதில் ஓடிய பெயர்களையும் பார்த்திருக்கிறார். 'என்னை இன்னும் வெட்டவில்லைப் போல' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு எப்படி வெட்டுவது? நாற்பத்தொரு மட்ச், இருபத்தாறு வெற்றி. முதல் கட்டத்தில் றோய், இரண்டாவதில் ஸ்டெபனி மரியரட்ணம். அவர் கண் மூடியபோது இன்னும் நாலு மட்ச் இருந்தது. சீசன் முடியட்டும் என்று அதையும் அப்படியே விட்டாள்.

பத்து மணிக்கு விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் லோறா கதவைத் திறந்து, தண்ணீர் வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லியும் கொண்டுவந்து வைத்தாள். அப்போதே ஸ்டெபனிக்கு விளங்கிவிட்டது.

பிரெண்டன் என்று ஒருவனை எடுத்திருக்கிறார்களாம். பெடியங்களுடைய ஜூனியர் அணியொன்றில் மூன்று வருசம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவனாம். தெரிவுக் குழு புள்ளி போட்டுத்தான் பார்த்தது. தலைமைப் பயிற்சி அனுபவத்துக்கு முப்பது புள்ளி. ரப்லெற்றிலிருந்து லீக்குக்குப் போன பதிவில் ஸ்டெபனி தலைமை தாங்கிய மட்ச் ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்த இடத்தில் பூச்சியம்.

"நீங்கள் மட்சுக்கு வந்திருக்கிறீர்கள். பெஞ்சுக்குப் பின்னால் நின்றது யார் என்று உங்களுக்குத் தெரியும்" என்றாள் ஸ்டெபனி.

"எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததை நான் படிவத்தில் எழுத முடியாது."

"பிள்ளைகளைக் கேட்டிருக்கலாமே?"

"அவர்கள் எழுதிய கடிதங்கள் மிக அழகாக இருந்தன" என்றாள் லோறா. பிறகு, பிரெண்டன் பெண்கள் அணியை நடத்தியதில்லை, ஆரம்பத்தில் ஸ்டெபனியின் உதவி நிறையத் தேவைப்படும் என்றாள். அவன் தன்னுடைய உதவியாளரைக் கூட்டிக்கொண்டு வருகிறான். அதனால் உபகரணப் பொறுப்பாளர் என்று புதிதாக ஒரு வேலை உண்டாக்கியிருக்கிறோம், உனக்காகவே உண்டாக்கினோம் என்றும் சொன்னாள். வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது ஸ்டெபனிக்கு முதல்முறையாக றோய்மேல் கோபம் வந்தது. செத்த மனுசனோடு கோபிக்கிறோமே என்று உடனே வெட்கமாக இருந்தது.

மில்லிக்கனிலுள்ள வீட்டுக்கு வந்தபோது மரியரட்ணம் குசினியில் விளைமீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார். நல்ல செய்திக்கென்று வாங்கிய மீன். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னதாலயோ பிள்ளை?"

"இல்லையப்பா. ஐ டிட் இற். நான்தான் விட்டனான்."

"நான் வந்து அந்த மனுசியோட கதைக்கட்டே? நான்தான் வெட்டவேண்டாமெண்டு சொன்னனான் எண்டு சொல்லுறன்."

"சொல்லி? அதுக்கும் ஒரு புள்ளி போடுவினமே?"

அவர் கத்தியைக் கழுவி வைத்தார். பிறகு அதையே எடுத்துத் திரும்பவும் கழுவினார்.

"நானும் ஃபக்ரறியில இருபத்தேழு வருசம் உப்பிடித்தான் நிண்டனான். கேக்காமல் நிண்டால் அவங்கள் பாத்துச் செய்வாங்கள் எண்டு. அதையே உனக்கும் சொல்லித் தந்திட்டன்."

மீனைப் பொரித்தார்கள். இரண்டு பேரும் முள் எடுத்தார்களே தவிரச் சாப்பிடவில்லை.

செப்ரெம்பர் முழுவதும் வேறு மூன்று கல்லூரிகளுக்கு எழுதிப் பார்த்தாள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, தலைமைப் பயிற்சியாளராக எத்தனை மட்ச். கடைசியில் உபகரணப் பொறுப்பாளர் கடிதத்தில் கையெழுத்து வைத்தாள்.

ஒக்ரோபரில் முதல் மட்ச். கூரையிலிருந்து றோயின் பெயரில் நீலத் துணியொன்று தொங்கியது: ஒன்பது சீசன், நூற்றுப் பன்னிரண்டு வெற்றி. அதில் எந்த இருபத்தாறு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அதன் கீழே லோறாவும் பிரெண்டனும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரெண்டன் கெட்டவனில்லை. காலையில்தான் தன்னுடைய ஸ்கேற்றை அவளிடம் கொடுத்து, இப்படித் தீட்டுகிற ஆளை நான் கண்டதேயில்லை என்று மனதாரச் சொன்னான்.

நேரம் பார்க்கிறவர் கண்ணாடித் தடுப்பில் தட்டி அவளைக் கூப்பிட்டார். ரப்லெற்றை நீட்டினார். போன சீசனுக்குப் பிறகு அணியின் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. முதல் கட்டத்தில் றோய் இருந்தார்.

"இதை மாற்றவேண்டும். எப்போதும் நீதானே செய்வாய்" என்றார் அவர்.

கையுறையோடு தொட்டால் திரை கேட்காது. கழற்றினாள். பெயரின்மேல் விரலை வைத்தாள். நீக்கவா என்று கேட்டது. ஓம் என்பதை அழுத்தினாள். கட்டம் வெறுமையானது. இரண்டு வருசமாக அவள் தொடாத கட்டம். அதில் பிரெண்டனின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்து, பிழை இல்லையே என்று ஒருதரம் வாசித்தும் பார்த்தாள். இரண்டாவது கட்டத்திலிருந்து தன் பெயரை எடுத்து, உபகரணப் பொறுப்பாளருக்குரிய கடைசிக் கட்டத்தில் போட்டாள்.

சீமோன் ஐஸைக் கழுவி முடித்து மெஷினை வெளியே எடுத்தார். அவளைக் கண்டார், கை காட்டவில்லை, பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளைகள் இறங்கினார்கள். அணியின் கப்ரன் தீப்தி ஒரு சுற்றுச் சுற்றி பெஞ்சடிக்கு வந்து நின்றாள். ஸ்கேற் கீறிய இடத்தில் வெள்ளைத்தூள் எழும்பியது. பிரெண்டன் பலகையில் என்னவோ கீறிக் காட்டிக்கொண்டிருந்தான். தீப்தி அவனுடைய தோளுக்கு மேலால் எட்டி, பெஞ்சின் கடைசியில் நின்ற ஸ்டெபனியைப் பார்த்தாள்.

"கோச், முதலில் எந்த லைன் இறங்குவது?"

ஸ்டெபனி குனிந்து தண்ணீர்ப் போத்தல்களை எண்ணத் தொடங்கினாள்.