ஆட்சேபணைக்கான காரணம்

பேரூராட்சியிலிருந்து வந்திருந்த கடிதத்தை ஓமனா மூன்றாவது தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் சாளைமீன் கறி அடிபிடித்துவிட்டது. முற்றத்திலிருந்து முருகதாஸ் குரல் கொடுத்தது அவள் காதில் விழவில்லை. கடைசியில் அவனே எழுந்து வந்து அடுப்பை அணைத்தான். சட்டியைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கினான்.

குலசேகரம் போகும் ரோட்டில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி அவர்கள் கட்டி முடித்திருந்த புது வீட்டுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பால்காய்ச்சு, புதுமனை புகுவிழா. புதுக் கட்டடம் எதுவானாலும், பேரூராட்சி ஆள் வந்து வயரிங்கைப் பார்த்துச் சான்று தந்த பிறகுதான் மின் இணைப்பு என்று இரண்டு வருடமாக ஒரு விதி இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு என்று கடிதம் சொன்னது. ஆய்வு செய்பவர் என்ற இடத்தில் ‘ம. சபிதா’ என்று எழுதியிருந்தது.

சபிதா வேறு யாருமல்ல, முருகதாஸின் தம்பி மகேஷ்குமாரின் மனைவி. மகேஷ்குமார் செத்து ஐந்து வருடமாகிறது.

"பால்காய்ச்சு கழியாத வீடு. அவ முதல்ல கேறப்பிடாது" என்றாள் ஓமனா.

கொத்தனாரும் ஆசாரியும் டைல்ஸ் ஒட்ட வந்த வடநாட்டுப் பையன்களும் வருடம் முழுக்க ஏறி இறங்கிய வீடுதானே என்று முருகதாஸ் முனகிப் பார்த்தான். அது வேறு, இது வேறு என்று அவள் சொன்னாள். பதினெட்டு வருடம் சவூதியில், தம்மாமில் கிடந்துவிட்டு வந்தவன் அவன். வீட்டு வழக்கங்களெல்லாம் பெண்களின் இலாகா என்று நினைப்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மகேஷ்குமார் பேரூராட்சியில் தெருவிளக்கு வேலை பார்த்தவன். மரம் விழுந்து கம்பி அறுந்த ஒரு மழைக்காலத்துப் பகலில் கரண்டு போஸ்டில் ஏறியவன் பிணமாகத்தான் இறங்கினான். அன்றைக்குச் சபிதாவை முதலில் கட்டிப்பிடித்து அழுதவள் ஓமனாதான். அதற்குப் பிறகு ஒரு வருடம் நேரம் தவறாமல் சோறு கொண்டுபோய் வைத்தாள். தலை வாரிவிட்டாள். கூடப்பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஊர் சொன்னது. அந்தப் பேச்சு ஓமனாவுக்கு இனித்தது. அவள் பொய்யாக அழவில்லை. ஆனால், தான் இரக்கப்படுவதற்கென்று ஒருத்தி தன் வீட்டுப் பின்கட்டிலேயே இருப்பது அவளுக்கு ஒரு பலமாக இருந்தது என்பதும் உண்மை.

பிறகு சபிதாவுக்குப் பேரூராட்சியில் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பே பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவள் அவள். ஒரு வருடம் தபால் பதிந்துகொண்டிருந்தாள். வயரிங் ஆய்வு விதி வந்ததும் அந்த வேலையை அவளிடமே கொடுத்தார்கள். சுடிதார், ஹெல்மெட், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. தினமும் காலை ஒன்பதரைக்குப் பின்கட்டிலிருந்து அவளுடைய ஸ்கூட்டர் கிளம்பும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோசை திருப்பும் ஓமனாவின் கை ஒரு கணம் நின்றுவிடும்.

எங்கே குத்துகிறது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தாலி அவள் கழுத்தில்தான் கிடந்தது. புது வீடும் அவளுக்குத்தான். ஆனால் பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தவள் அவள். கல்யாணம் நிச்சயமானதும் அந்தக் காகிதத்தை அவள் அப்பாவே கிழித்துப் போட்டார். தாய் வீட்டுக்கு ஒருநாள் போய்வர வேண்டுமென்றாலும் தம்மாமுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் பதினெட்டு வருடம் போய்வந்தாள். சபிதா இப்போது யாரிடமும் கேட்பதில்லை. புருஷன் செத்த ஒருத்தியைப் பார்த்து உயிரோடு புருஷன் உள்ளவள் பொறாமைப்படுகிறாள் என்பதை எந்த வாயால் யாரிடம் சொல்வது? கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதுகூட அதை அவள் உள்ளுக்குள் எழவிடவில்லை.

போன மாதம் அது எழுந்தே விட்டது. மகள் அஞ்சலிக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, என்ன படிக்கப் போகிறாய் என்று யாரோ கேட்டதற்கு, சித்தி படித்ததையே படிப்பேன் என்று அவள் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஓமனா மூன்று நாள் மகளோடு பேசவில்லை.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவள் பின்கட்டுக்குப் போனாள். சபிதா துணி மடக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஓமனா உட்காரவில்லை. வெயிலில் எதற்கு அவ்வளவு தூரம் வர வேண்டும், நம்முடைய வீடுதானே, இங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதாதா என்று தேன் தடவிக் கேட்டாள். பார்க்காமல் போடமாட்டேன் என்று சபிதா சொன்னாள்.

"நான் பறையுகது ஒனக்கு மனசிலாவல்லியா மக்கா? வெளக்கு கொளுத்தாத வீடு. நீ முதல்ல கேறினா..." என்று ஓமனா இழுத்தாள்.

சபிதா கையிலிருந்த சேலையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து மடக்கி முடித்தாள். அதை அடுக்கின்மேல் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"செரி அக்கா. நான் வரல்ல. அப்பம் ஆட்சேபணைன்னு ஒரு கடுதாசி எழுதித் தாருங்க. பக்கத்து பேரூராட்சியில இருந்து வேற ஆளு வருவாரு. காரணம் எழுதணும். சொந்தக்காரின்னு எழுதினா போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு வழி திறந்து கிடந்தது. சொந்தக்காரி என்று எழுதியிருந்தால் யாருக்கும் நோகாது, ஆபீசும் ஒத்துக்கொள்ளும். ஓமனா வீட்டுக்கு வந்து அஞ்சலியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ‘உறவினர்’ என்று எழுதப்போனாள். ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. மேடம் மேடம் என்று கடைக்காரர்கள் எழுந்து நிற்பது ஞாபகம் வந்தது. எப்படிக் குத்தினால் அவளுக்கு வலிக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ‘மேற்படியார் கணவரை இழந்தவர் என்பதால், பால்காய்ச்சுக்கு முன் அவர் வீட்டினுள் வருவது எங்கள் குடும்ப வழக்கத்துக்கு ஒவ்வாது’ என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

முருகதாஸிடம் அவள் அதைக் காட்டவில்லை. மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் ஏறப்போன சபிதாவிடம் கொடுத்தாள். சபிதா அதை நின்றபடியே வாசித்தாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஓமனா பார்த்துக்கொண்டே நின்றாள். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சபிதா வண்டியைக் கிளப்பினாள். அவ்வளவுதான். குத்தியது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் அன்றைக்கு முழுதும் ஓமனாவுக்கு எதிலும் ருசியில்லை.

திங்கட்கிழமை பக்கத்துப் பேரூராட்சியிலிருந்து முத்துநாயகம் என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் இரண்டு நாள் தாடி, தோளில் ஒரு கருவிப்பை. ஓமனா புதுச்சேலை உடுத்தி முன்வாசலில் காத்திருந்தாள். வலது காலை எடுத்து வைத்து வரச் சொன்னாள். அவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு அப்படியே வந்தார்.

அவர் ஒவ்வொரு சுவிட்ச்போர்டாகத் திறந்து பார்த்தார், எர்த் குழியில் மீட்டர் வைத்துப் பார்த்தார். வேலை சுத்தம் என்று இரண்டு தடவை சொன்னார். வயரிங் செய்த பிரபின் பெருமையாகச் சிரித்தான். கடைசியாக வீட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வைத்திருந்த கொட்டகைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. முருகதாஸும் ஓமனாவும் போய்ப் பார்த்தபோது அவர் பிரபினைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் வயரை நேராக வீட்டு போர்டில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். ரோட்டு லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்துவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லை. பல வீட்டில் இப்படித்தான் சார் என்று பிரபின் சொன்னான்.

முத்துநாயகம் முருகதாஸின் பக்கம் திரும்பினார். "கரண்டு போன நேரத்துல நீங்க இத ஓட்டினா, அது வீட்டோட நிக்காது. ரோட்டு லைனுக்கும் போவும். லைன ஆஃப் பண்ணியாச்சுன்னு நம்பி ஒருத்தன் போஸ்ட்ல நிப்பான். ஒங்க ஊர்ல அப்பிடி ஒரு தெருவிளக்குக்காரன் செத்தானே, தெரியாதா?"

அவர் தொடர்ந்தார். ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் என்று மட்டும்தான் தெரிந்ததாம், எந்த வீடு என்று கடைசிவரை தெரியவில்லையாம். தலைவிதி என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவன் பெண்டாட்டி மட்டும் விடவில்லை. மனு மேல் மனு எழுதி, ஒவ்வொரு வார்டு உறுப்பினர் வீட்டுப் படியும் ஏறித்தான் இந்த ஆய்வு விதியையே கொண்டுவந்தாள் என்றார்.

"அவன் எனக்க தம்பியாக்கும்" என்றான் முருகதாஸ்.

முத்துநாயகம் அவனையும் ஓமனாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் பையை மூடத் தொடங்கினார். சபிதா மனுக்களோடு அலைந்த காலத்தில், துக்கத்தில் புத்தி பேதலித்துத் திரிகிறாள் என்று ஊரில் சொன்னவர்களில் ஓமனாவும் ஒருத்தி. இப்போது அந்தக் கொட்டகையில் நிற்கும்போதுகூட, இவ்வளவும் அவள் ஒற்றைக்குச் செய்தாளா என்ற எண்ணம்தான் அவளுக்கு முதலில் வந்தது. அதில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது.

பேச்சை மாற்றுவதற்காக, சாப்பிட்டுவிட்டுப் போகலாம், கொண்டுவந்திருக்கிறேன் என்று அவரை அழைத்தாள். நேரத்துக்குப் போகாவிட்டால் வீட்டில் தேடுவார்களோ என்றும் கேட்டுவைத்தாள்.

"தேட ஆளில்லம்மா. அவ போயி இந்த வாரத்தோட ஒரு வருசம்" என்றார் முத்துநாயகம். தரையைப் பார்த்தபடி மற்றதையும் சொன்னார். "ஒங்க கடுதாசியப் பாத்தேன். கணவர இழந்தவங்க வரப்பிடாதுன்னு எழுதியிருந்திச்சு. அப்பம் நானும் வரலாமான்னு ஒரு சந்தேகம். ஆபீஸ்ல கேட்டேன். அதெல்லாம் ஆம்பளையளுக்கு இல்லவே, போயிட்டு வாரும்னு சிரிச்சாங்க."

அவர் சாப்பிடவில்லை. குறையைத் திருத்திய பிறகு மறுஆய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியின் திதி இருப்பதால் அடுத்த வாரம்தான் தன்னால் வர முடியும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முருகதாஸ் அன்றைக்குச் சாயங்காலம்வரை அந்த ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஓமனா மூன்று தடவை கூப்பிட்டாள். கடைசியில் அவன் நிமிர்ந்து, "கடுதாசின்னு அவரு சொன்னாரே, நீ எழுதினதா?" என்று கேட்டான். அவள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். அவனும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் பிரபின் சேஞ்ச்ஓவர் சுவிட்சை மாட்டி முடித்தான். சான்று கிடைத்தால் வியாழக்கிழமையே மீட்டர் வைத்துத் தருவதாக மின்வாரியத்தில் சொல்லியிருந்தார்கள். பந்தல் போட்டாகிவிட்டது. இருநூறு பேரை அழைத்தாகிவிட்டது. மறுஆய்வுக்கு உள்ளூர் ஆள் வந்தாலே போதும். ஆனால் உள்ளூர் ஆள் வரக்கூடாது என்ற கடிதம் கோப்பில் கிடந்தது. நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஓமனா கணவனிடம் கேட்டாள்.

"எழுதினது நீ. நீயே போ" என்றான் அவன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அவளை ஓர் இடத்துக்குத் தனியாகப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பேரூராட்சி அலுவலகத்துக்குள் அவள் அதுவரை நுழைந்ததில்லை. ஜன்னலோரம் ஒரு மேஜைக்குப் பின்னால் சபிதா இருந்தாள். எதிரே நான்கு பேர் காத்திருந்தார்கள். ஓமனாவும் அவர்களோடு பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. அரை மணிநேரம் அவள் அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் ஸ்டாம்புகள், பேனா ஸ்டாண்டு, ஒரு பக்கமாகத் திருப்பி வைத்த தண்ணீர் பாட்டில். இதில் ஒவ்வொன்றும் தனக்கு எட்டியிருக்க வேண்டியது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அவள் முறை வந்ததும் சபிதா எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினாள். ஓமனா குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்தக் கடுதாசியைத் திருப்பித் தா மக்கா, கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றாள்.

"அது கோப்புல ஏறியாச்சு அக்கா. நம்பர் போட்டாச்சு. கிழிக்க ஒக்காது. வேணும்னா வேற ஒண்ணு எழுதித் தாருங்க, ஆட்சேபணை இல்லன்னு." சபிதா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தாள்.

ஓமனா எழுதினாள். முந்தைய ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே வரி. கையெழுத்தும் போட்டாள். சபிதா அதை வாசித்துவிட்டு அவள் பக்கமே திருப்பி வைத்தாள்.

"காரணம் எழுதல்ல."

"காரணம் எதுக்கு?"

"முதல்ல எழுதினதுல காரணம் இருக்கே அக்கா. அது சும்மா கெடக்குமா? இனி ஒருத்தரு கோப்பத் தொறந்தா ரெண்டையும் சேத்துத்தானே படிப்பாரு."

குரலில் சூடில்லை. யார் வந்து கேட்டாலும் சொல்வதைப் போலச் சொன்னாள். ஓமனா பேனாவை மறுபடி எடுத்தாள். உறவினர் என்று எழுதத் தன்னைக் கேட்டுக்கொண்ட அதே வாய்தான் இது. இன்றைக்கு அந்த வழியை அது திறந்து வைக்கவில்லை. பின்னால் பெஞ்சில் யாரோ இருமினார்கள். அவள் குனிந்து, முதல் வரிக்குக் கீழே மெதுவாக எழுதத் தொடங்கினாள்.

‘ஏற்கெனவே ஆய்வுக்கு வந்த அலுவலரும் வாழ்க்கைத் துணையை இழந்தவரே. அவர் முன்வாசல் வழியாக வலது காலை வைத்து வீட்டினுள் வந்தார். அதனால் வீட்டுக்கு எந்தக் கேடும் வரவில்லை. எனவே மேற்படி வழக்கத்தை இவருக்கு மட்டும் காரணமாகச் சொன்னது சரியன்று.’

சபிதா அதை இரண்டு தடவை வாசித்தாள். தேதி முத்திரை குத்தினாள், நம்பர் போட்டாள், கோப்பைத் திறந்து முதல் கடிதத்துக்கு மேலே வைத்து நாடாவைக் கட்டினாள். கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை அவள் விரலிலிருந்து நழுவியதை ஓமனா பார்த்தாள். அன்றைக்கு ஸ்கூட்டர் பக்கத்தில் தேடிக் கிடைக்காத வலி இப்போது அவளுக்குக் காணக் கிடைத்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த ஆள் விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டார். ஓமனா எழுந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாறேன் அக்கா" என்றாள் சபிதா. "முன்வாசல் கதவத் தொறந்து வையுங்க."