சாந்தம்மாவின் மூன்று சொல்

தன்னைக் கேட்காமல் தன் குரலை ஊர் முழுக்க ஓடவிட்டவன் சொந்த அண்ணன் மகனாகவே இருக்கும்போது யாரைப் போய்த் திட்டுவது? ஆனாலும் சாந்தம்மா திட்டினாள். தளி பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தாள். ஓசூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கும்போதும் திட்டினாள். ஆட்டோ ஸ்பீக்கரில் அவள் குரலே "நிறுத்து! நில்ஸு! ஆபு!" என்று கத்திக்கொண்டு போனது. ஆட்டோதான் நிற்கவில்லை.

அந்த மூன்று சொல்லும் அவளுடைய பிழைப்பு. சிப்காட்டில் அவள் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ்கள் வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, கன்னடம் உண்டு, தெலுங்கு உண்டு. ஆபத்து என்று வந்தால் யாருக்கு எந்த மொழி என்று விசாரித்துக்கொண்டா இருக்க முடியும்? அதனால் மூன்றிலும் சேர்த்தே கத்துவாள். பிரஸ்ஸை இறக்குவது காலடியில் இருக்கும் பெடல். அவள் குரல் கேட்டதும் எல்லோருடைய வலது காலும் பெடலை விட்டு மேலே வந்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம். அவள் சூப்பர்வைசர் ஆன பிறகு அந்த ஷெட்டில் ஒருவரும் விரலை இழந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், நியாயமான கர்வம்தான்.

வினை பூபதி ரூபத்தில் வந்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். தகட்டை வெட்டும் அச்சான டையைப் பிரஸ்ஸுக்குள் பொருத்துவது வேலை, பாட்டு பைத்தியம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாடகை அறையில் வைத்துக்கொண்டு, வாத்தியமே இல்லாமல் பாட்டுப் போடுகிறேன் என்று கிளம்பினான். பிரஸ் சத்தம், கம்ப்ரஸர் சீறுவது, கேன்டீன் தட்டு உருளுவது என்று எல்லாவற்றையும் செல்போனில் பிடித்தான். அதில் சாந்தம்மா கத்தியதும் மாட்டிக்கொண்டது.

"யக்கா, எங்கயோ பின்னாடி லேசா வரும், அவ்வளவுதான்" என்றான். போனால் போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள். அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து ஆயுத பூஜையில் பாட்டு அரங்கேறியது. மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்த கையோடு போட்டார்கள். ஊதுபத்தி எரிந்து தீர்ந்தது, பாட்டு தீரவில்லை. இழுத்துக்கொண்டே போயிற்று. மேனேஜர் பொரியை மென்றபடி, "ஸ்பீக்கர்ல ஏதாவது கோளாறாப்பா?" என்று கேட்டார். பூபதியின் முகம் செத்துப்போயிற்று. சாந்தம்மாவுக்கே பாவமாக இருந்தது.

அன்றைக்கு ஸ்பீக்கர் கட்ட வந்திருந்தவன்தான் கோபி, அவளுடைய அண்ணன் மகன். மற்ற நாளில் மைக் செட், சனி ஞாயிறில் பெங்களூரில் ஒரு கிளப்பில் பாட்டுப் போடும் வேலை. பூபதியைத் தேற்றுகிற சாக்கில் அந்தப் பாட்டை வாங்கிக்கொண்டு போனான். போனவன் அதைக் கோழி உரிப்பது மாதிரி உரித்துவிட்டான். பூபதி மாதக்கணக்கில் உட்கார்ந்து கோத்த ராகமும் இழுவையும் குப்பைக்குப் போயின. பிரஸ் சத்தத்தை வேகமாக்கி, அடியில் தமட்டை அடி ஒன்றைச் சேர்த்தான். எங்கேயோ பின்னால் கிடந்த சாந்தம்மாவைத் தூக்கி முன்னால் வைத்தான். "நிறுத்து! நில்ஸு! ஆபு!" முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே கேட்காது. அப்புறம் பிரஸ் இறங்குகிற மாதிரி ஒரே 'தொம்'.

முதல் தடவை போட்டபோது, பாட்டு நின்றுவிட்டதாக்கும் என்று ஆடியவர்கள் அப்படியே நின்றார்களாம். 'தொம்' விழுந்ததும் மொத்தக் கூட்டமும் வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்ததாம். மறுபடி போடு, மறுபடி போடு என்று ஒரே ரகளையாம். பிறகு மற்ற கிளப்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். அங்கிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து செல்போனுக்கும், செல்போனிலிருந்து கம்பெனி பஸ்ஸுக்கும் பாட்டு வந்து சேர்ந்தது. குருபரப்பள்ளி ரோட்டோர டீக்கடையில்கூட அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தே, நீ இப்ப பெங்களூர்ல பெரிய ஆளு. உங்குரலக் கேட்டுத்தான் அத்தினி பேரும் ஆடறாங்க" என்று வீட்டுக்கே வந்து சொன்னான் கோபி.

"கேட்டா நிக்கணும்டா, ஆடக் கூடாது! நானு என்னாத்துக்குக் கத்தறேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நிக்கறாங்களே அத்தே, கொஞ்ச நேரம்."

இவனிடம் என்னத்தைப் பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு சோறு போட்டு அனுப்பினாள்.

பூபதிக்கு வேறு விதமான வயிற்றெரிச்சல். சிடியின் மேல் கோபியின் பேர் மட்டும்தான் இருந்தது. "நான் பெத்த பிள்ளைக்கு அவன் மொட்டை போட்டு, அவன் பேரையும் வச்சுட்டான்க்கா. அது என் பாட்டுக்கா!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினான். புலம்பும்போதே காலால் தாளமும் போட்டான். அதைப் பார்க்கப் பார்க்க சாந்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷெட்டில் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அவள் கத்தினால் நாலு பேர் பல்லைக் காட்டினார்கள். ஒரு நாள் எண்ணெய் டின் ஒன்று சாய்ந்தது. அவள் கத்தினாள். கால்கள் எல்லாம் ஒழுங்காக மேலே வந்தன. அடுத்த மூச்சில் அஸ்வினின் பிரஸ் வெறும் டையின் மேல் 'தொம்' என்று இறங்கியது. அஸ்வின் நாகரசம்பட்டிக்காரன், வேலையில் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோபியோடு கிளப்புக்குப் போகிறவன்.

"வேணும்னு பண்ணலக்கா. காலு தானா எறங்கிடிச்சி" என்றான். அவனுக்கே முகம் வெளுத்திருந்தது.

சாந்தம்மா நேராக மேனேஜரிடம் போனாள். "சார், இனிமே என் சத்தத்த நம்ப முடியாதுங்க. மணியோ லைட்டோ, வேற எதுனா வெக்கணும்" என்றாள்.

"உன் குரல் பேமஸ் ஆனதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று அவர் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. பேன்ட் பாக்கெட்டுக்குள்ளிருந்து சாந்தம்மா கத்தினாள். அவள் வெளியே வந்துவிட்டாள். ஒவ்வொரு மெஷினாகப் போய் ஓட்டுகிறவர்களிடம் தானே எடுத்துச் சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலை கேட்டு என்ன செய்ய, கால் கேட்க வேண்டுமே.

அடுத்த வாரம் டீ முடிந்து வந்த கையோடு அஸ்வினின் பிரஸ்ஸில் தகட்டுத் துண்டு ஒன்று சிக்கியது. ஸ்விட்சை அணைத்து, பிரஸ்ஸின் பெரிய சக்கரம் நிற்கும்வரை காத்திருந்து, இடுக்கியால் எடுப்பதுதான் முறை. அதை எடுக்க வந்த பூபதிக்கு அன்றைக்குப் பஸ்ஸிலேயே அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற வெறுங்கையை டைக்குள் விட்டான்.

ஷெட்டின் மறுகோடியிலிருந்து சாந்தம்மா பார்த்தாள். அஸ்வின் பக்கத்து மெஷின்காரனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவன் வலது கால் பெடலுக்கு மேலே அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு வாய் திறந்துவிட்டது. மூன்று சொல்லும் தொண்டைக்கு வந்துவிட்டன. அப்போதுதான் அந்தக் காலைப் பார்த்துப் பயந்தாள். இப்போது கத்தினால் அது ஒரு மூச்சு நேரம் நிற்கும். அப்புறம் இறங்கும்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மெயினை அணைத்தாலும் பிரயோஜனமில்லை, சக்கரம் சுற்றுகிறவரை கால் பட்டால் பிரஸ் இறங்கிவிடும். செருப்பை உதறிவிட்டு ஓடினாள். சத்தமே போடாமல் ஓடினாள். பின்னாலிருந்து அஸ்வினின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து ஸ்டூலோடு இழுத்தாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

பூபதி திடுக்கிட்டுக் கையை வெளியே உருவினான். ஐந்து விரலும் இருந்தன. பயம் போன இடத்தில் கோபம் வந்தது.

"என்னக்கா இது கூத்து? ஒரு சத்தம் குடுத்தா எடுத்திருக்க மாட்டேனா? அதுக்குத்தான உங்கள வச்சிருக்கு?"

சாந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. எழுந்திருக்கக்கூட முடியவில்லை. பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அஸ்வின் என்ன நடந்தது என்று புரியாமல் விழித்தான்.

"சத்தந்தான வேணும் உனக்கு? குடுக்கறேன். கைய மட்டும் தள்ளி வெச்சிக்க" என்றாள் பூபதியிடம். பிறகு, கத்தாமல், காதோடு பேசுகிற குரலில் மெல்லச் சொன்னாள்.

"நிறுத்து. நில்ஸு. ஆபு."

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அஸ்வினின் வலது கால் தானாக எழும்பிச் சிமென்ட் தரையில் 'தொம்' என்று இறங்கியது.

பூபதி அந்தக் காலைப் பார்த்தான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். அது என் பாட்டு என்று அதற்கப்புறம் அவன் யாரிடமும் சொல்லவில்லை.