பெரியம்மாவின் தலைமேல் பாய்

விடிந்து எழுந்து பார்த்தால் எங்கள் முற்றத்தில் பெரியம்மா மண்டியிட்டிருந்தார். தலையையும் முதுகையும் மெல்லிய நாரில் பின்னிய நுண்பாய் மூடியிருந்தது. வெளியே தெரிந்த கால்விரல்களை வைத்துத்தான் அவர் என்று கண்டுகொண்டேன். பின்னால் அவர் மகன் ஃபிலிப்போ அண்ணனின் வீட்டார் அத்தனை பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தீவு வழக்கப்படி, தப்புச் செய்தவன் வீட்டார் இப்படி வந்து உட்கார்ந்தால் நாங்கள் பாயை எடுக்க வேண்டும். எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் சவாய் தீவு முழுக்க எங்களைத்தான் கல்நெஞ்சக்காரர்கள் என்று பேசும்.

தப்புச் செய்த அண்ணன் மட்டும் வரவில்லை. ஆக்லாந்தில் அவர்மேல் ஆள்கடத்தல் வழக்கு நடக்கிறது. திங்கட்கிழமை நான் கப்பலேறி தலைநகர் அப்பியாவுக்குப் போய், அங்கிருந்து காணொளித் திரை வழியாகச் சாட்சி சொல்ல வேண்டும். அங்கே ஆப்பிள் தோட்ட வேலைக்கு என்னைக் கூட்டிப்போனவர் அவர்தான். நான் பழம் பறித்தேன், கூலி அவர் கணக்குக்குப் போனது. என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டார். என் கூலியிலிருந்து கொஞ்சம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், அதில்தான் எங்கள் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. தங்கமான பிள்ளை என்று அப்பா ஊரெல்லாம் புகழ்ந்தார். என் உழைப்பில் எங்கள் வீட்டுக்கே கிள்ளிக்கொடுத்து நல்ல பெயரும் வாங்கிய சாமர்த்தியத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

"வெயில் ஏறுது பெனினா. அவங்க மயங்கி விழுந்தா நமக்குத்தான் அசிங்கம்," என்றார் அப்பா. "பாய எடுத்துட்றேன். நீ கப்பலுக்குப் போக வேணாம்."

"எடுக்கறது வேற, போறது வேறப்பா."

"மன்னிச்சாச்சுன்னு காட்டினா ஜட்ஜு தண்டனையக் குறைப்பாராம். லோமி சொன்னான்."

லோமி, ஃபிலிப்போ அண்ணனின் தம்பி. அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான் தலை நிமிர்ந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பெற்ற தாயை வெயிலில் மண்டியிட வைத்து, பாய் விலகும் நொடியைப் படம்பிடிக்கக் காத்திருந்தான்.

"நானே எடுக்கறேன்," என்று இறங்கினேன். அது குடும்பத் தலைவர் செய்கிற வேலை. ஆனாலும் அப்பா தடுக்கவில்லை.

பாயை எடுத்தேன். பெரியம்மாவின் முகம் வேர்வையில் நனைந்திருந்தது.

"மன்னிச்சிட்டியாம்மா?"

"நீங்க என்ன பண்ணீங்க பெரியம்மா? எந்திரிங்க."

என் மணிக்கட்டைப் பிடித்து எழுந்தார். வேண்டியது கிடைத்துவிட்டதென்று லோமி போனை இறக்கப் போனான்.

"நிறுத்தாத லோமி. ஜட்ஜுக்குத்தானே? முழுசா அனுப்பு."

"அதான் முடிஞ்சுதே அக்கா."

"என் பேரு பெனினா அபேலு," என்று போனைப் பார்த்துச் சொன்னேன். "நாங்க ஏழு பேரு ஒரே கொட்டகையில படுப்போம். வேலை முடிஞ்சு வந்ததும் ஃபிலிப்போ அண்ணன் கதவ வெளியிலேர்ந்து பூட்டுவாரு. எங்க கூட வேலை செஞ்ச மெரே காய்ச்சல்ல கெடந்தப்போ டாக்டருகிட்ட கூட்டிப்போகச் சொல்லி கதவத் தட்டினோம். பாட்டுச் சத்தத்த கூட்டி வெச்சாரு."

அப்பா கூரையைப் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். லோமியின் கை கீழே இறங்கியது. பெரியம்மா இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை. வலிக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கைய எறக்காதடா," என்றார் மகனிடம். "அவ பேசட்டும்."